பத்துப் பங்குக்காரரும் நாற்பது கூடைகளும்

செம்மணல்துறை ஐஸ்கட்டி லேசுப்பட்டதல்ல. சித்திரை வெயிலில் நடுரோட்டில் போட்டாலும் ஆடியில்தான் அதற்கு வியர்க்கும். ஒருமுறை அதன்மேல் உட்கார்ந்த காக்கை மூன்று நாள் தும்மியது. சந்தேகம் உள்ளவர்கள் காக்கையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த ஐஸ் ஆலை மீன் விற்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். கூடை சுமக்கும் நாற்பது பெண்கள் ஆளுக்கு ஒரு பங்கு போட்டுத் தொடங்கியது. விடியலில் முதல் ஐஸ் கூடைகளுக்கு, மிச்சம்தான் படகுகளுக்கு. மிக்கேலம்மாள் அந்த நாற்பதில் ஒருத்தி. புருஷன் கடலோடு போனான். பயம் அதற்கும் முன்னாலேயே போய்விட்டது.

கம்ப்ரசர் படுத்துக்கொண்ட வருடம், புது மிஷினுக்காகச் சங்கம் மேலும் பங்கு விற்றது. விசைப்படகு முதலாளி ரெமிஜியுஸ் ஒரே மூச்சில் பத்துப் பங்கு வாங்கினார். அத்தனைக்கும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது ஒரே உறுப்பினர் எண்: நாற்பத்தொன்று. "என்னய்யா, பத்துக் கோழிக்கும் ஒரே கூடுதானா?" என்று சிரித்தபடி வாங்கிக்கொண்டார்.

தொழில் தெரியாதவர் அல்ல அவர். வலைக்கடை அவருக்கு மட்டும் சொந்தம். அங்கே அவர் இருமினாலும் உத்தரவு. கருவாட்டு மண்டி மச்சானோடு கூட்டு. அங்கே மச்சான் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இறால் ஏற்றுமதி பிரைவேட் லிமிடெட் கம்பெனி. யாரிடம் பங்கு அதிகமோ அங்கே அவர் பேச்சுதான் எடுபடும். அந்தக் கம்பெனிப் பழக்கத்தோடுதான் சங்கத்தின் பொதுக்குழுவுக்கு வந்தார்.

"இனிமே முதல் ஐஸ் படகுக்கு. மிச்சம் இருந்தா கூடைக்கு."

மிச்சம் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஐஸ் இல்லாத மீன் பத்து மணிக்கே நாறும். நாறிய கூடைக்கு எந்த வீட்டுக் கதவும் திறக்காது.

"உம்ம மீனுக்கு மட்டும்தான் வேர்க்குமோ முதலாளி? எங்க மீனு என்ன கல்லா?" என்றாள் மிக்கேலம்மாள்.

"ஒத்தப் பங்கை வச்சிக்கிட்டு இவ்வளவு வாயா?"

"வாய் பங்கோட வரல. பொறக்கும்போதே வந்தது."

வாக்கெடுப்பு நடந்தது. அவர் படகில் மீன் எடுக்கும் பதினேழு பெண்கள், தரையைப் பார்த்தபடி அவரோடு கை தூக்கினார்கள். எதிர்த்து, மிக்கேலம்மாளோடு சேர்த்து இருபத்துமூன்று கைகள்.

"என் பங்கு பத்து, இவங்களோடது பதினேழு. ஆக இருபத்தேழு. படகுக்குன்னு எழுதும்," என்றார் ரெமிஜியுஸ், தீர்மானம் எழுத உட்கார்ந்திருந்த மேலாளர் சூசைராஜிடம்.

"நீரும் பதினேழு பேரும் பதினெட்டு ஆளு. நாங்க இருபத்துமூணு. கூடைக்குன்னு எழுதுங்கண்ணே," என்றாள் மிக்கேலம்மாள்.

சூசைராஜ் பேனாவைத் திருகினார். "ஆலையை ஓட்டுறவன் நான். ஒரு நாள் படகு, ஒரு நாள் கூடைன்னு நானே எழுதிடுறேனே?"

இந்த மூவரில் யார் சொன்னபடி எழுதுவது சரி?

விடை: மிக்கேலம்மாள் சொன்னபடி. கம்பெனியில் பங்கு பேசும். கூட்டுறவில் ஆள்தான் பேச முடியும். பத்துப் பங்குக்கும் உரிய லாபம் ரெமிஜியுஸுக்கு உண்டு. வாக்கு ஒன்றே ஒன்று. மேலாளர் சம்பளத்துக்கு இருப்பவர். தீர்ப்புச் சொல்ல அல்ல. மறுநாள் விடியலில் விசைப்படகுகள் காத்து நின்றன. அவற்றுக்கு முன்னால் நாற்பது கூடைகள். தரையைப் பார்த்துக் கை தூக்கிய பதினேழு பேரின் கூடைகளையும் மிக்கேலம்மாள்தான் இழுத்து வரிசையில் வைத்தாள்.