பெருச்சாளி வைத்த ஒற்றைக் கடலை

குளக்கரைப் புளியமரத்தில் பத்து அணில் குடும்பங்கள் இருந்தன. மழைக்காலத்துக்கென்று ஒரு பொந்தில் வேர்க்கடலை சேர்த்து வைத்திருந்தன. சரியாக இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது. கொறிச்சி என்ற அணில் யோசித்துத் தேர்ந்தெடுத்த எண் அது. பங்குக்கு இரண்டு குடும்பம் வந்தாலும் சரி, ஏழு வந்தாலும் சரி, பத்தும் வந்தாலும் சரி, மீதி விழாமல் பிரியும். மீதி விழுந்தால்தானே சண்டை?

அங்கே பெத்தண்ணன் என்றொரு பெருச்சாளி வந்து சேர்ந்தது. கல்யாண மண்டபத்துச் சாக்கடையில் வளர்ந்த ஜீவன். தன்னைத்தானே கணக்குப் புலி என்று சொல்லிக்கொள்ளும். புலியாம் புலி! வாலைப் பார்த்தாலே தெரியாதா?

"பூஜ்யத்துல முடியுதே, இது விளங்குமா?" என்று அது உச்சுக்கொட்டியது. "மண்டபத்துல மொய் எழுதுறவங்க நூறா வைக்கிறாங்க? நூத்தியொண்ணு! மேல ஒண்ணு இருந்தாத்தான் மங்கலம்."

சொல்லிவிட்டு, ஏதோ தேரே செய்து கொடுத்ததுபோல ஒரு சொத்தைக் கடலையைக் குவியல்மேல் வைத்தது. "இதை யாராவது வெளிய எடுத்துப் போட்டா குடும்பம் விளங்காது" என்று மிரட்டியும் வைத்தது. அணில்கள் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டன. கொறிச்சி மட்டும் முணுமுணுத்தது. அதை யார் கேட்டார்கள்?

மழை பிடித்துக்கொண்டது. பத்துப் பங்கு வைத்தன, ஒன்று மீதி. "அது எங்களுக்குத்தான்", "எங்க வீட்டுலதான் பிள்ளைங்க அதிகம்" என்று ஒரே ரகளை. ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு விலகியது. ஒன்பதாகப் போட்டால் மறுபடியும் ஒன்று மீதி. எட்டு, ஏழு, ஆறு என்று குறைந்து கடைசியில் இரண்டு குடும்பம் நின்றபோதும் அந்தப் பாழாய்ப்போன ஒன்று அப்படியே கிடந்தது. பங்கு முடியும்வரை யாரும் கொறிக்கக் கூடாது என்பது அணில்களின் கட்டுப்பாடு. கொறிச்சியின் பிள்ளைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தன.

பெத்தண்ணன் தொண்டையைச் செருமியது. "ரெண்டாயிரத்து ஐந்நூத்தி இருபது, இருபத்தொண்ணு ஆயிடுச்சில்ல? இப்ப இது பகா எண். ஆளுக்கு ஒண்ணுன்னு வாங்க அத்தனை அணில் இங்க இல்லை. மொத்தத்தையும் ஒரே ஆள்கிட்ட குடுத்தாத்தான் மீதி விழாது. என்ன செய்ய, அந்தச் சுமையை நானே ஏத்துக்கிறேன்" என்றபடி கடலையை வாரத் தொடங்கியது.

கொறிச்சி அதன் எதிரில் போய் நின்றது. "அண்ணாச்சி, அது என்ன எண்ணுன்னு சொன்னீங்க?"

"பகா..." என்று பெத்தண்ணன் வாயைப் பிளந்தது. கொறிச்சி அந்தச் சொத்தைக் கடலையை எடுத்து உள்ளே திணித்தது. பெருச்சாளிக்கு விழி பிதுங்கியது. மடக்கென்று விழுங்கிவிட்டது.

"உங்க மங்கலம் உங்களோடயே இருக்கட்டும். கிளம்புங்க" என்றது கொறிச்சி.

வானம் இடிந்து விழுகிறதா என்று மற்ற அணில்கள் அண்ணாந்து பார்த்தன. மழைதான் விழுந்தது. கோபித்துப் போன குடும்பங்கள் அசடு வழியத் திரும்பி வந்தன. பத்துப் பங்கும் சமமாகப் பிரிந்தது. பிள்ளைகள் கொறிக்கும் சத்தத்தில், பெருச்சாளி இருமிக்கொண்டே ஓடியதை யாரும் கவனிக்கவில்லை.

சரியாக இருக்கும் கணக்கில் தேவையில்லாத ஒன்றைச் சேர்ப்பவனை மேதாவி என்று கும்பிட்டால், மொத்தமும் அவன் வாய்க்குத்தான் போகும்.