எதிர்க்கடைப் பலகை

தென்காசி பஜாரில் மூன்று மாடி ஹார்டுவேர் கடை வைத்திருந்த ஆவுடையப்பனுக்கு, எதிரே வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில் ஒற்றை ஷட்டர் கடை நடத்தும் ரெஜினாவைக் கண்டாலே வயிறு எரியும். அவள் வாசலில் நிற்கும் பைக்குகளை எண்ணுவார். எண்ணி முடித்ததும் மோர் கேட்பார். பதினொன்றாவது பைக் வந்து நின்ற அன்று சங்கக் கூட்டத்தையே கூட்டிவிட்டார். தலைவரும் அவர்தானே.

“என் கடையில இருக்கிற ஒரு சாமானையும் இனி நீ விக்கக் கூடாது. இல்லன்னா கடையைக் காலி பண்ணிரு.”

ஆணி முதல் தண்ணீர்த் தொட்டி வரை அவர் கடையில் உண்டு. ரெஜினா தொலைந்தாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

“சரி அண்ணாச்சி. இத்தனை நாளும் அப்படித்தான விக்கேன்” என்றாள் அவள். “உங்க கடையில இல்லன்னு சொன்னதும் வெறுங்கையோட படியிறங்குறவங்ககிட்ட என்ன கேட்டீங்கன்னு விசாரிப்பேன். குக்கர் ரப்பர், ஒத்தை வாஷர், குழாய்க்குத் திருகு. அதை மட்டும் வாங்கி வைப்பேன். எனக்கு ஆள் அனுப்புறதே நீங்கதான்.”

கூட்டம் சிரித்தது. ஆவுடையப்பன் விறுவிறுவென்று கடைக்கு வந்து வேலையாட்களைக் கூப்பிட்டார். “இனிமே எவனும் எதையும் இல்லன்னு சொல்லக் கூடாது. நாளைக்கு வரும்னு சொல்லணும்.”

இரண்டே நாளில் ரெஜினா கடையில் ஒரு பலகை தொங்கியது: ‘எதிர்க்கடையில் நாளைக்கு வரும் சாமான், இங்கே இன்றைக்கே கிடைக்கும்.’

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் எண்ணியபோது பத்தொன்பது பைக். நெஞ்சைத் தடவிக்கொண்டு மோர் கேட்டார்.

“நாளைக்கு வரும் அண்ணாச்சி” என்றார் கல்லாவில் இருந்தவர்.