பேனா எழக் கூடாத சபை

ராஜா காலத்தில் கம்ப்யூட்டர் ஏது என்று கேட்கப்போகும் புத்திசாலிகளுக்கு ஒரு வார்த்தை. ராஜா கதையில் கிளி பேசியபோது வாயை மூடிக்கொண்டுதானே கேட்டீர்கள்? இதையும் அப்படியே கேளுங்கள்.

கொக்கலூரை ஆண்டவர் திக்விஜய பூபதி. எந்தத் திக்கையும் ஜெயித்ததில்லை. பெயர் மட்டும் அப்படி. அவர் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா உட்கார்ந்திருக்கும்வரை வேறு யாரும் எழக் கூடாது. எல்லோரும் தரையில் சம்மணம் போட்டிருப்பார்கள். கால் மரத்துப்போனால் அதற்குப் பெயர் ராஜபக்தி.

அந்தச் சபையில் மரகதம் என்றொரு விகடக்காரி. அவள் ஒரு மெஷின் செய்திருந்தாள். கம்ப்யூட்டர் சொல்லச் சொல்ல, ஓர் இரும்புக் கை பேனாவைப் பிடித்துத் தாளில் படம் வரையும். ராஜாவுக்கு ஆசை வந்துவிட்டது.

"நாளைக்கு என் படத்தை வரையட்டும். இங்கேயே, என் கண் முன்னால்!"

பிரதானி வேதாசலத்துக்கு வயிறு எரிந்தது. அரண்மனை ஓவியர் அவருடைய மைத்துனர். இருபது வருஷமாக வீட்டில் இருந்தபடியே ராஜாவை வரைந்து அனுப்புகிறவர். எந்த இரண்டு படத்திலும் ராஜாவின் மூக்கு ஒரே மாதிரி இருந்ததில்லை.

"மகாராஜா, ஒரு சின்ன விஷயம்" என்றார் பிரதானி. "ஒரு கோடு முடிந்து அடுத்த கோட்டுக்குப் போகும்போது அந்த மெஷின் பேனாவைத் தூக்குகிறது. தாங்கள் அமர்ந்திருக்க, கேவலம் ஒரு பேனா எழுந்திருப்பதா? அதுவும் ஒரே படத்துக்கு முந்நூறு தடவை!"

தன் மரியாதை என்று வந்துவிட்டால் ராஜா ரொம்பக் கறார். "பேனா ஒரு தடவை எழுந்தாலும் மெஷின் உலைக்குப் போகும். மரகதம் சிறைக்குப் போவாள்."

"தூக்காமல் இழுத்தால் மீசைக்கும் கிரீடத்துக்கும் நடுவில் கோடு விழுமே, மகாராஜா?" என்றாள் மரகதம்.

"விழுந்தாலும் சிறைதான்."

ஆக, எப்படியும் சிறை. நீதி என்றால் இப்படித் தெளிவாக இருக்க வேண்டும்.

மறுநாள் சபை கூடியது. பேனா மேலே போக முடியாதபடி மரகதம் அதைக் கம்பியால் இறுகக் கட்டியிருந்தாள். மெஷின் ஓடியது. மீசை முடிந்தது. பேனா எழவில்லை. அதற்கு அடியில் இருந்த பலகை, தாளோடு சேர்ந்து ஒரு விரற்கடை கீழே இறங்கியது. பேனா அந்தரத்தில் நகர்ந்து கிரீடத்தின் பக்கம் போனது. பலகை பழைய இடத்துக்கு வந்தது. பேனா கிரீடத்தை வரைந்தது.

படம் முடிந்தது. வேண்டாத கோடு ஒன்றுகூட இல்லை. மூக்கும் ராஜாவின் மூக்காகவே இருந்தது. ராஜாவுக்கு வாயெல்லாம் பல்.

"மோசடி!" என்று கத்தினார் பிரதானி. "பேனா எழவில்லை, சரி. பலகை எழுந்ததே! முந்நூறு தடவை இறங்கி, முந்நூறு தடவை எழுந்தது. நான் எண்ணினேன்!"

ராஜாவின் முகம் மாறியது. "மரகதம், இதற்கு என்ன சொல்கிறாய்?"

"பலகை எழவில்லை, மகாராஜா. தங்கள் முன் பணிவாகக் குனிந்தது, பிறகு நிமிர்ந்தது. நிமிர்ந்தாலே எழுந்ததாக அர்த்தம் என்று பிரதானியார் சொன்னால், தாராளமாக என்னைச் சிறையில் போடுங்கள். ஆனால் முதலில் அவரைப் போடுங்கள். காலையிலிருந்து நாற்பது தடவை தங்கள் முன் குனிந்து நிமிர்ந்திருக்கிறார். நானும் எண்ணினேன்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மரகதத்திடம் கொடுத்தார். அரண்மனை ஓவியர் பதவி அங்கேயே மெஷினுக்குப் போனது.

"மன்னிக்க வேண்டும், மகாராஜா!" என்று பிரதானி அவசரமாகக் குனிந்தார். குனிந்தவர், சபை கலையும்வரை நிமிரவே இல்லை.