வாளுக்குத் துணைக்கட்டை செய்த திருமேனி ஆசாரியார்

வேங்கைக்காட்டு இறைவன் கோயிலின் தெற்கு வாசலை ஒட்டிய பட்டறையில், முக்காலிக்கும் கலப்பைக்கும் மரம் அறுத்து வாழ்ந்தவர் திருமேனி ஆசாரியார். மரம் அறுக்கும் வாளை எடுக்குமுன் இறைவன் பெயரை ஒருமுறை சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருப்பார். அந்த மௌனமே அவருடைய பூசை.

நடுவயதில் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கிற்று. மரத்தில் கிழித்த கோட்டிலிருந்து வாள் விலகியது. வேலை கொடுத்தவர்களும் விலகினார்கள். அவர் இறைவனை நொந்துகொள்ளவில்லை. புளியங்கட்டை ஒன்றைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துச் சாய்வாக்கினார். மரத்தின் விளிம்பைக் கவ்வி நிற்க அதற்கு ஓர் உதடும் வைத்தார். அந்தக் கட்டையின் முகத்தோடு ஒட்டி வாளை இழுத்தால், கை நடுங்கினாலும் வெட்டு பிசகவில்லை.

அவ்வாண்டு இறைவனுக்குப் புதுப் பல்லக்குச் செய்தார்கள். அதில் ஒரு பொருத்தாவது தம் கையால் அமைய வேண்டும் என்பதே அவருடைய வேண்டுதல். பல்லக்கின் சாய்வுக்கென்றே ஒரு கட்டையைத் தேய்த்து எடுத்துக்கொண்டு போய்க் கேட்டார். தலைமைத் தச்சர் சங்கிலிபூதத்தார் சிரித்தார்.

"என்ன அண்ணாச்சி, வாளுக்கு நடைவண்டி செஞ்சிருக்கீரா? அதுக்குத்தான் பல்லெல்லாம் முளைச்சாச்சே, இன்னுமா நடை பழகுது?"

கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். ஆசாரியார் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

சுவாமி பல்லக்கில் ஆணி அடிப்பது அவ்வூரில் வழக்கமில்லை. ஒரு மரத்தின் நாக்கு மறு மரத்தின் துளைக்குள் தானே இறுக வேண்டும். தோளில் சுமக்கும் தண்டைத் தாங்கும் பொருத்தைக் கண்ணளவில் வெட்டுவதே தச்சனுக்குப் பெருமை என்று சங்கிலிபூதத்தார் வெட்டினார். பொருத்து ஆடியது. வேறு மரம் எடுத்தார், அதுவும் ஆடியது. இன்னும் ஒரே மரம்தான் மிச்சம். மறுநாள் திருவிழா.

செய்தி கேட்டு ஆசாரியார் வந்தார். கட்டையை நீட்டினார்.

"நீரே வெட்டுமே, அண்ணாச்சி" என்றார் சங்கிலிபூதத்தார், தலை நிமிராமல்.

"வேண்டாம் தம்பி. நான் வெட்டுனா ஊரு உன்னைப் பேசும். நீயே வெட்டு. சாமி கீழ விழாம இருந்தாப் போதும்."

சங்கிலிபூதத்தார் கட்டையோடு ஒட்டி வாளை இழுத்தார். பொருத்து இறுகியது. வீடு திரும்பிய ஆசாரியார் கட்டையைத் துடைத்து வைத்தார். வேண்டியது கிடைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கும் இருந்தது. ஆனால் இறைவனிடம் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

மறுநாள் பல்லக்கு அவர் பட்டறைக்கு எதிரே வந்து நின்றது.

"ஏ, தூக்குங்கலே!"

"தூக்கிட்டுத்தான் நிக்கோம்! ஓரடி நகர மாட்டேங்குதே!"

இன்னும் பலர் தோள் கொடுத்தும் பல்லக்கு அசையவில்லை. சங்கிலிபூதத்தார் முகம் வெளிறினார். "சாமி, அந்தப் பொருத்து என்னுது இல்லை! அண்ணாச்சியோடது!" என்று ஊரறியக் கூவிக் கூட்டத்துக்குள் ஓடினார். ஆசாரியாரைக் கைப்பிடித்து அழைத்து வந்தார்.

"நீரும் தோள் குடும், அண்ணாச்சி."

நடுங்கும் கையால் ஆசாரியார் தண்டைப் பற்றினார். பல்லக்கு பூக்கூடைபோல் எழுந்து நடந்தது.

அவருடைய கை நடுக்கம் கடைசிவரை தீரவில்லை. தீர்க்கும்படி அவர் கேட்கவும் இல்லை. கேட்ட ஒன்றையும் பிறர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றவரைத் தேடி, இறைவன் தெருவில் காத்து நின்றான். அந்த எளியவரின் பாதங்களை நாமும் வணங்குவோம்.