பிலோமினாவின் இரைப்பை

பதினெட்டு வருஷம் கத்தி பிடித்த அறுவை மருத்துவர் பேச்சிமுத்து, இரைப்பை, குடல் நோய்களைக் கூடுதலாகக் கற்றுக்கொள்ள டாக்டர் ஹமீதாவிடம் மாணவராகச் சேர்ந்தார். ஹமீதா அவரைவிட நாலு வயது இளையவர்.

சேர்ந்த மாதமே பிலோமினா வந்தாள். தூத்துக்குடியில் கருவாடு விற்பவள். அல்சர் என்று ஒரு வருஷமாக மாத்திரை தின்றும் வயிற்று வலி தீரவில்லை. எண்டோஸ்கோப்பி செய்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். இரைப்பைச் சுவரில் அபூர்வமாக வரும் நிணநீர்ப் புற்று. நல்லவேளை, வேறெங்கும் பரவவில்லை.

“இரைப்பையை எடுத்துடலாம்,” என்றார் பேச்சிமுத்து.

பிலோமினா பதறிப்போனாள். “வயித்த எடுத்துட்டா நான் சோத்த எங்கய்யா போடுவேன்?”

ஹமீதா அறிக்கையை இன்னொரு முறை படித்தார். “சதையில ஒரு கிருமியும் இருக்கு. அது தூண்டித்தான் இந்தப் புற்று வளருது. முதல்ல கிருமியைக் கொல்லுவோம்.”

பதினாலு நாளைக்கு மருந்து எழுதினார்.

“புற்றுநோய்க்கு வெறும் ஆன்டிபயாடிக்கா மேடம்?”

“இந்த வகைக்கு முதல்ல அதுதான் சார்.”

மூன்று மாதம் கழித்து மறுபடி சதை எடுத்தார்கள். கிருமி போயிருந்தது. புற்று இருந்தது. பேச்சிமுத்து நேரே ஹமீதாவிடம் போய் நின்றார்.

“இனியும் காத்திருக்கணுமா மேடம்?”

ஹமீதா அவரை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். முதலில் பழைய ஸ்லைடு. பிறகு புதியது.

“குறைஞ்சிருக்கா?”

“குறைஞ்சிருக்கு. ஆனா போகலையே.”

“அப்போ போய்க்கிட்டு இருக்கு.”

ஆறாம் மாதம் இன்னும் குறைந்தது. ஒன்பதாம் மாதம் ஸ்லைடை மூலைமுடுக்கெல்லாம் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பேச்சிமுத்து தானே ஓடிப்போய், வெளியே காத்திருந்த பிலோமினாவிடம் சொன்னார்.

“மாதாவே!” என்று அவள் பெஞ்சில் சாய்ந்தாள். பிறகு, “நெத்திலி திங்கலாமாய்யா?” என்றாள்.

“தின்னுங்கம்மா,” என்றார்.

அவள் போனபின் ஹமீதாவிடம் கேட்டார்: “இந்த ஒன்பது மாசத்துல உங்களுக்குப் பயமே வரலையா மேடம்?”

“வராம என்ன சார்? அதனாலதான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை உள்ள பார்த்தேன்.”