பின்னால் போன கை

“என்னைத் தேடி இப்போ ஒரு ஈ காக்காகூட வர்றதில்ல சாமி.”

சிறுமலை அடிவாரத்து மடத்தில், பாயில் உட்கார்ந்ததும் மருதப்பன் இதைத்தான் சொன்னார். சாமிக்கு அவருடைய மூத்த மகன் வயசுதான் இருக்கும். கூட வந்த சொர்ணம், பாயில் இடம் இருந்தும், புருஷனுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

“முன்னெல்லாம் விடியுமுன்னே வாசல்ல செருப்பு விட இடமிருக்காது. எம்.எல்.ஏ. ஆனேன், இங்க மந்திரி. அப்புறம் எம்.பி., டெல்லியிலயும் மந்திரி. போன தேர்தல்ல தோத்தேன். நிழலாட்டம் இருந்த பி.ஏ.கூட புது மந்திரிகிட்டப் போயிட்டான்.”

“இப்போ என்ன?”

“கட்சி மறுபடியும் சீட்டு தரேங்குது. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். வீட்டுல வேண்டாங்கிறாங்க, உடம்பும் சரியில்லை. ஆனா சும்மா உட்கார்ந்தா செத்துப்போயிடுவேன் போலிருக்கு. எனக்குன்னு யாருமே இல்லை சாமி. போட்டி போடட்டுமா, வேண்டாமா?”

சாமி ஒரு கொய்யாப்பழத்தை நீட்டினார்.

மருதப்பன் இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிரித்தார். பிறகு வலது கை, பழத்தோடு, தன்பாட்டுக்கு, தோளுக்கு மேலே பின்னால் போனது. வெறுங்கையாகத் திரும்பி வந்தது.

மாலை, மனு, பொன்னாடை எல்லாம் காலமெல்லாம் அந்த வழியாகத்தான் போயின. பின்னால் யாராவது வாங்கிக்கொள்வார்கள். யாரென்று பார்க்கிற வழக்கமில்லை.

“டெல்லியில ஒரு தடவை பாருங்க…” பேச்சு நிற்கவில்லை.

சாமி ஒரு சாமந்திச் சரத்தைக் கொடுத்தார். பின்னால் போனது.

தொன்னை நிறையச் சூடான சர்க்கரைப் பொங்கல். அதுவும் போனது. இன்னொரு தொன்னை. அதுவும்தான்.

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஐயா, பி.ஏ. போயிட்டான்னீங்களே. இதையெல்லாம் யாரு வாங்குறாங்க?”

மருதப்பனின் வாய் பாதி வார்த்தையில் நின்றது. மெல்லத் திரும்பினார்.

சொர்ணத்தின் முந்தானையில் பழம். முழங்கையில் சரம். இரண்டு உள்ளங்கையிலும் ஆவி பறக்கிற தொன்னை. எங்கே வைப்பதென்று தெரியாமல் ஏந்திக்கொண்டு நின்றாள்.

“சுடலையா?”

“இந்தத் தொன்னையையா கேக்குறீங்க?”

மருதப்பன் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். இரண்டு தொன்னையையும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். சுட்டது. நன்றாகவே சுட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது.

“கட்சி ஆபீசாத்தான் இருக்கும். எடுத்துத் தரட்டுமா?” அவள் கை பழக்கத்தில் அவர் பைக்கு நீண்டது.

“அடிக்கட்டும். நீ இப்படி வந்து உட்காரு சொர்ணம். ஆறுறதுக்குள்ள ரெண்டு வாய் சாப்பிடு.”