சுத்தமான வாளி

செங்கழுநீர் ஏரியின் ஒரு பக்கத்தைத் தூர்த்து மனை போட்டார்கள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செங்கழுநீர் நகர் ஆகிவிட்டது. முன்பிருந்ததில் கரையோரத்துச் சின்ன மடம் மட்டும் மிச்சம். அதில் தவமணி அம்மை இருந்தார். அவருக்கு வயது நாற்பது இருக்கும். அவரிடம் பாடம் கேட்க வந்துகொண்டிருந்த சபாநாயகம் அறுபதைத் தாண்டியவர்.

சபாநாயகம் மின்வாரியத்தில் கரண்டு திருட்டைப் பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். வீட்டுக்குள் ஏசி ஓடி, வாசலில் மீட்டர் ஓடாமல் இருந்தால் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஓய்வு பெற்ற பிறகு அந்த மூக்கு சும்மா இருந்தது. குப்பைதான் அதற்கு மறுபடி வேலை கொடுத்தது.

காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி வாசலுக்கே வரும். மக்கும் குப்பை பச்சை வாளியில், மக்காதது நீல வாளியில். எல்லாரும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். கொடுத்த பிறகும் மடத்துக்குப் பக்கத்தில், ஏரிக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலில், கறுப்பு கவர்கள் விழுந்துகொண்டே இருந்தன. நாய்கள் இழுத்துப் பிய்த்தன. யாரோ கொளுத்திவிட, புகை வீடுகளுக்குள் வந்தது. மழை பெய்தால் அந்த ஊறல் அப்படியே ஏரியில் இறங்கியது. கொஞ்ச நாளில் போர்த் தண்ணீரே வாடை அடித்தது.

யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லை. அதனால் எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. நடைக்குப் போகிறவர் கையில் பை இருந்தால் ஜன்னல்கள் திறந்தன. சபாநாயகம் ஒரு குச்சியோடு வண்டிக்குப் பக்கத்தில் நின்று, வருகிற வாளியை எல்லாம் கிளறிப் பார்த்தார். தெருவும் எட்டிப் பார்த்தது. வாய்க்காலில் குவியல் ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் வேகவேகமாக மடத்துக்கு வந்தார்.

"தாயே, ஆளைப் பிடிச்சுட்டேன்."

"யாரு?"

"கடைசி வீட்டு வாடகைக்காரி. எஸ்தர்னு ஒரு நர்ஸ்."

"போடுறதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கல. ஆனா நைட் டூட்டி முடிஞ்சு அவ வர்றதுக்குள்ள வண்டி போயிடுது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் அந்த வீட்டு வாளி வெளிய வருது. மத்த நாள் குப்பை எங்க போகுது? சாயங்காலம் ஸ்கூட்டர்ல ஒரு பையை மாட்டிட்டுப் போறா."

"சோத்துப் பையா இருக்கும்."

"அப்படித்தான் சொல்லுவாங்க. வாய்க்கால்ல கோழி எலும்பு கிடக்குது தாயே. எங்க தெருவுல மத்தவங்க எல்லாரும் சைவம்."

"யார் சொன்னா?"

"அவங்களேதான்."

அம்மை கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"வீட்டுக்காரர் என் வாயைத்தான் பார்த்துட்டு இருக்கார்" என்றார் சபாநாயகம். "நான் ஒரு வார்த்தை சொன்னா இந்த மாசமே காலி பண்ணச் சொல்லிடுவார். சொல்லட்டுமா?"

"அந்தப் பொண்ணு கூட யாரு இருக்கா?"

"அம்மா. எழுந்து நடக்க முடியாது."

"வேற வீடு கிடைக்குமா?"

"பேர் கெட்ட பிறகு இந்த நகர்ல யார் கொடுப்பா?"

அம்மை கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளைக்கு உங்க வீட்டு வாளியை நீங்களே எடுத்துட்டுப் போங்க. மூடி போடாம, தெரு நடுவுல. வண்டியில கொட்டிட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் நானே வீட்டுக்காரர்கிட்ட பேசுறேன்."

சபாநாயகத்துக்குச் சிரிப்பு வந்தது. இது ஒரு சோதனையா? நம் வீட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது!

மறுநாள் கொல்லைப்புறம் போய் இரண்டு வாளியின் மூடியையும் எடுத்தார். ஒன்றில் காய்கறித் தோல், காப்பிச் சக்கை. இன்னொன்றில் கழுவிக் காயவைத்த பால் கவர்கள். அப்பழுக்கில்லை. கண்காட்சிக்கே வைக்கலாம்.

குனிந்து தூக்கப் போனவர் நின்றுவிட்டார். ஏசி ஓடுகிற வீட்டில் மீட்டர் ஓடவில்லை.

"விசாலம், என்னோடது எங்க?"

"எதுங்க?"

குரலைத் தாழ்த்தினார். "ராத்திரி கட்டுறது."

ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்குச் சிறுநீர் நிற்பதில்லை. டயப்பர் கட்டிக்கொண்டுதான் படுப்பார். மனைவியைத் தவிர ஒருவருக்கும் அது தெரியாது.

"அதை எப்படிங்க வண்டியில கொடுக்கிறது?" என்றாள் விசாலம். "நீங்கதான் ஊரே பார்க்க குச்சி வச்சுக் கிளறிட்டு நிக்கிறீங்க. நம்ம வாளியை மட்டும் கிளறாம விட்டா, நாலு பேர் கேக்க மாட்டாங்களா?"

"அப்ப எங்கதான் போடுற?"

"மடத்துக்குப் பூ கொண்டு போறப்ப..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

வண்டிப் பாட்டு நெருங்கியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா என்றுதான் சபாநாயகம் முதலில் பார்த்தார். திறந்திருந்தது. வாளிகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

மடத்துக்கு வரும்போது உச்சிப் பொழுது ஆகிவிட்டது.

"கொண்டு போனீங்களா?"

"போனேன் தாயே."

"யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"வாளின்னா இப்படி இருக்கணும்னாங்க."

"சரி. நான் வீட்டுக்காரர்கிட்ட போகட்டுமா?"

"வேண்டாம். நானே போயிட்டு வந்துட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல, போறது எங்க வீட்டுலருந்துதான்னு சொன்னேன். நம்பல. என்ன போகுதுன்னு சொன்னேன். எனக்குப் பயந்துதான் விசாலம் அங்க கொண்டு போய்ப் போடுறான்னும் சொன்னேன். அப்புறம்தான் நம்பினார்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். காற்று வாய்க்கால் பக்கமிருந்து அடித்தது. அம்மை ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கவில்லை. வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா தாயே, எலும்பு எங்க வீட்டுது இல்ல. அது மட்டும் யார் வீட்டுதுன்னு..."

"யார் வீட்டுதா இருந்தா என்ன? அங்கயும் ஒரு விசாலம் இருப்பாங்க" என்றார் அம்மை.